மன்னாரின் மரபுரிமை: சட்டம் காப்பதும் நாம் காக்க வேண்டியதும்

பெருநிலத்திலிருந்து பாலத்தைக் கடந்து மன்னார்த் தீவுக்குள் வரும் எவரும் கோட்டையைக் காணாமல் வர முடியாது. போர்த்துக்கேயர் 1560 இல் அமைத்த கோட்டை அது. 1658 இல் ஒல்லாந்தரும் 1795 இல் ஆங்கிலேயரும் அதைக் கைப்பற்றினர். பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் நாம் அதைப் பார்க்கிறோம். ஆனால் அந்தக் கோட்டை யாருக்குச் சொந்தம், அதன் சுவரிலிருந்து ஒரு கல்லைப் பெயர்த்தால் என்ன குற்றம், அதன் பக்கத்தில் கடை கட்டலாமா என்று கேட்டால் நம்மில் பலருக்கு விடை தெரியாது.

வரலாற்றுப் பாட வேளையில் இந்தக் கேள்விகளைப் பேசிக்கொண்டிருந்தபோது உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தி, “டீச்சர், கோட்டைக்குச் சட்டம் இருக்கு. எங்கட உம்மம்மாட கிதாபுக்கு என்ன சட்டம் இருக்கு?” என்று கேட்டாள். ஒரு வரியில் விடை சொல்லக்கூடிய கேள்வி அல்ல அது. அதற்கு விடை தேடியே இக்கட்டுரையை எழுதுகிறேன். நாட்டின் மரபுரிமையைக் காக்கும் சட்டங்கள் எவை, நிறுவனங்கள் எவை, அவற்றின் கை எட்டும் இடம் எது, எட்டாத இடம் எது என்பதை எம் ஊர் எடுத்துக்காட்டுகளைக் கொண்டே பார்ப்போம்.

சட்டம் பிறந்த கதை

சட்டம் இல்லாத காலத்தில் பழம்பொருள்களுக்கு என்ன நேர்ந்தது என்பதற்குக் காலியில் கிடைத்த மும்மொழிக் கல்வெட்டு நல்ல சான்று. சீனக் கடற்தளபதி செங் ஹோவின் பயணங்களோடு தொடர்புடைய அக்கல்லில் 1409 ஆம் ஆண்டுத் தேதி பொறிக்கப்பட்டுள்ளது. சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகளில் அது பேசுகிறது. சீனப் பகுதி புத்தரைப் போற்றுகிறது; தமிழ்ப் பகுதி தெனவரை நாயனாரைப் போற்றுகிறது; பாரசீகப் பகுதி அல்லாஹ்வைப் புகழ்கிறது. இந்த நாட்டின் பல சமய வரலாற்றை ஒரே கல்லில் சொல்லும் இந்தப் பொக்கிஷம், 1911 இல் காலி நகரில் ஒரு மதகின் மூடுகல்லாகக் கவிழ்ந்து கிடந்தபோதே கண்டெடுக்கப்பட்டது. வண்டிகளும் மனிதரும் அதன் மேலாகப் போய் வந்திருக்கிறார்கள். இன்று அது கொழும்புத் தேசிய நூதனசாலையில் இருக்கிறது.

இலங்கையில் தொல்பொருளாய்வுப் பணி அரசின் பொறுப்பாக 1890 இல் தொடங்கியது. அதன் முதல் ஆணையாளர் எச். சி. பி. பெல். அப்பணியே வளர்ந்து இன்றைய தொல்பொருளியல் திணைக்களமாயிற்று. பேராசிரியர் செனரத் பரணவிதான ஆணையாளராகப் பதவியேற்ற அதே 1940 ஆம் ஆண்டில் 9 ஆம் இலக்கத் தொல்பொருள்கள் கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. பல திருத்தங்களோடு இன்றும் நடைமுறையில் இருப்பது அச்சட்டமே.

அச்சட்டத்தில் நாம் மனத்திற் பதிக்க வேண்டிய ஒரு தேதி உண்டு. அது 1815 மார்ச் 2. அத்தேதிக்கு முற்பட்டது, அல்லது முற்பட்டது என நம்பப்படுவது எதுவோ அதுவே சட்டத்தின் கண்ணில் தொல்பொருள். கண்டி இராச்சியம் ஆங்கிலேயரிடம் ஒப்படைக்கப்பட்ட ஒப்பந்தத்தின் தேதி அது. கண்டிக்கு அது ஒரு யுகத்தின் முடிவு. மன்னாருக்கோ அந்த நாளில் புதிதாக எதுவும் முடியவில்லை. எம் தீவு அதற்கு 255 ஆண்டுகளுக்கு முன்பே ஐரோப்பியர் கைக்குப் போய்விட்டது. ஆயினும் எம் ஊர்ப் பொருள்களையும் அந்தக் கண்டித் தேதியே பிரிக்கிறது. கோட்டின் அந்தப் பக்கம் இருப்பது தானாகவே சட்டத்தின் நிழலுக்குள் வருகிறது. இந்தப் பக்கம் இருப்பதற்காக யாராவது பேச வேண்டியிருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

சட்டத்தின் வாசகங்கள் நீளமானவை. எமக்கு வேண்டிய ஐந்து கருத்துகளை மட்டும் எளிமையாகத் தருகிறேன்.

முதலாவது, உரிமை. ஒருவருடைய காணியில் கண்டெடுக்கப்பட்டது என்பதனால் மட்டும் ஒரு தொல்பொருள் காணிக்காரருக்குச் சொந்தமாகாது. மண்ணுக்குள் உரிமையாளர் இன்றிக் கிடப்பது அரசுடைமை. கிணறு வெட்டும்போது பழைய நாணயக் குடமொன்று வெளிப்பட்டால் அதை உரிய அதிகாரிகளுக்கு அறிவிப்பது கண்டவரின் கடமை. ஆனால் வீட்டில் தலைமுறை தலைமுறையாக உரிமையோடு இருந்து வரும் பொருளைச் சட்டம் பறித்துக்கொள்வதில்லை.

இரண்டாவது, அகழ்வு. அனுமதிப்பத்திரம் இல்லாமல் தொல்பொருளைத் தேடி நிலத்தைத் தோண்டக் கூடாது. அது சொந்தக் காணியாக இருந்தாலும் இதுவே விதி.

மூன்றாவது, நினைவுச்சின்னங்கள். பழைய கட்டடத்தை இடிப்பது, மாற்றுவது, அதில் எழுதுவது, கீறுவது எல்லாம் தண்டனைக்குரிய குற்றங்கள். அரச காணியில் உள்ள பழைய நினைவுச்சின்னம் ஒன்றிலிருந்து 400 யார் தூரத்துக்குள் கட்டடம் எழுப்புவதற்கும் விதிகளில் கட்டுப்பாடு உண்டு.

நான்காவது, பிரகடனம். 1815 இற்குப் பிற்பட்டதாயினும் வரலாற்று மதிப்புடைய ஒரு கட்டடத்தை அமைச்சர் வர்த்தமானியில் கட்டளை வெளியிட்டுப் பாதுகாப்புக்குள் கொண்டுவரலாம். கட்டடம் மட்டுமல்ல, ஒரு மரத்தைக்கூட அவ்வாறு அறிவிக்கச் சட்டம் இடம் தருகிறது. மரம் பற்றிய இந்த வரி எம் ஊருக்கென்றே எழுதப்பட்டது போல எனக்குத் தோன்றும்.

ஐந்தாவது, முன்மதிப்பீடு. 1998 ஆம் ஆண்டின் திருத்தமும் 2000 ஆம் ஆண்டில் வெளியான விதிகளும் ஒரு புதிய கடமையைக் கொண்டுவந்தன. கால் ஹெக்டேயருக்கு மேற்பட்ட நிலத்தில் பெரிய வேலைத்திட்டம் ஒன்றைத் தொடங்குமுன், அங்கே தொல்பொருள்கள் உள்ளனவா, வேலையால் அவற்றுக்குக் கேடு வருமா என ஆராய்ந்து அறிக்கை பெற வேண்டும். எம் தீவின் தென்கரையில் 2020 இல் தம்பபவனி காற்றாலைப் பூங்கா எழுந்தது. அதன் பின்னரும் புதிய காற்றாலைகள் பற்றியும் கனிய மணல் அகழ்வு பற்றியும் ஊரெங்கும் விவாதம் நடக்கிறது. இத்தகைய திட்டங்கள் பேசப்படும் கூட்டங்களில் மீனையும் குடிநீரையும் பற்றிக் கேட்பது போலவே, “தொல்பொருள் மதிப்பீட்டு அறிக்கை எங்கே?” என்று கேட்பதற்கும் குடிமக்களாகிய எமக்குச் சட்டத்தின் ஆதாரம் உண்டு.

பள்ளிமுனையில் நிற்கும் சாட்சி

பள்ளிமுனைப் பெருக்கமரத்தை அறியாத மன்னார்ப் பிள்ளை இல்லை. அதன் சுற்றளவு ஏறத்தாழ 19.5 மீற்றர், உயரமோ 7.5 மீற்றர்தான். உயரத்தைவிடச் சுற்றளவு இரண்டு மடங்குக்கும் மேல். பெருக்கமரத்தின் தாயகம் ஆபிரிக்கா. அரபு வணிகர்கள் தம் ஒட்டகங்களுக்கு இலை தேவை என்று இதைக் கொண்டுவந்து நட்டார்கள் என்பது ஊர் வழக்கு. இந்த மரம் 1477 இல் நடப்பட்டதாகவும் சொல்லப்படுகிறது.

இந்த மரம் எமக்கு ஒரு பாடம் சொல்கிறது. பெருக்கமரத்தின் தண்டு மென்மையானது. முதிர முதிர உள்ளே பொந்து விழும். எனவே மற்ற மரங்களைப் போல வளையங்களை எண்ணி இதன் வயதை எளிதில் சொல்லிவிட முடியாது. வயதை நிறுவ வேண்டுமானால் ஆய்வு வேண்டும். அத்தோடு வாய்மொழி வழக்கும் பழைய பதிவுகளும் வேண்டும். “நம்பப்படுகிறது” என்ற சொல்லைச் சட்டமே பயன்படுத்துவதால், அந்த நம்பிக்கைக்கு ஆதாரமாக ஊரார் சொல்லும் கதையும் பெறுமதி உடையதாகிறது. கதையைச் சொல்லக்கூடியவர்கள் ஊரில் இருக்க வேண்டும் என்பதே இதிலுள்ள நிபந்தனை.

பள்ளிமுனை மரத்துக்கு ஊரும் உல்லாசப் பயணிகளும் சாட்சி. ஆனால் மன்னாரில் வேறு பெருக்கமரங்களும் உண்டு. வேலிக்குள்ளும் வீதியோரத்திலும் நிற்கும் அவற்றின் பெயரும் அளவும் எந்த ஏட்டில் இருக்கின்றன? பதிவில் இல்லாத ஒன்றுக்காக யாரும் பிரகடனம் கேட்க முடியாது.

அரிப்பில் சட்டம் கைவிரிக்கும் இடம்

தீவைவிட்டு நீங்கித் தெற்கே கரையோரமாகப் போனால் அரிப்பு வருகிறது. கண்டியிலே ஏறத்தாழ 20 ஆண்டுகள் சிறையிருந்த ரொபர்ட் நொக்ஸ் 1679 இல் தப்பி வந்து அடைந்தது அங்கிருந்த ஒல்லாந்தர் கோட்டையைத்தான். அதன் அருகே கடலோர மேட்டில், ஆங்கிலேயத் தேசாதிபதி பிரெடெரிக் நோர்த் 1801 முதல் 1804 வரையான காலத்தில் ஒரு மாளிகை கட்டினார். முத்துக்குளிப்புக் காலத்தில் வந்து தங்கி மேற்பார்வை செய்வதற்கான மாளிகை அது. கிரேக்கப் பாணித் தூண்களைக் கொண்டு அமைந்ததால் ஆங்கிலத்தில் அதை ‘டொரிக்’ என்றார்கள். எம் மக்கள் வாயில் அது அல்லிராணிக் கோட்டை.

1815 இற்குப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் முற்பட்டதால் அது சட்டத்தின் எல்லைக்குள் வருகிறது. அதை இடிப்பவர் குற்றவாளி. ஆனால் அதை இடித்துக்கொண்டிருப்பது கடல். அலை கரையின் அடியை அரிக்க, மேட்டின் மண் சரிகிறது. மண்ணோடு செங்கற் சுவர்களும் துண்டு துண்டாக விழுகின்றன. கடலின் மீது வழக்குத் தொடர முடியாது. அங்கே வேண்டியது கரையைக் காக்கும் அணையும், அதற்கான பணமும், பராமரிப்பு ஆளும் ஆகும். ஒரு பொருளுக்குச் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது என்பதும் அது பாதுகாப்பாக இருக்கிறது என்பதும் ஒன்றல்ல என்பதை மாணவிகள் அரிப்பில் நேரே பார்க்கலாம்.

இந்த இடிபாடு விழுந்தால் எமக்கென்ன என்று கேட்கலாம். தேசாதிபதியின் மாளிகை என்பதற்காக நான் வருந்தவில்லை. அந்த மேட்டிலிருந்து பார்த்த கடலில் மூச்சடக்கி மூழ்கியவர்களில் கீழக்கரை முஸ்லிம்களும், பரதவரும், பாரசீக வளைகுடாவிலிருந்து வந்த அரபிகளும் இருந்தார்கள். அவர்களுக்கு யாரும் மாளிகை கட்டவில்லை. அவர்கள் உழைப்பு நடந்த இடத்துக்கு எஞ்சியிருக்கும் அடையாளங்களில் அந்தச் சுவர்களும் ஒன்று.

மாந்தையின் மண்ணுக்குள்

தீவுக்கு எதிரே பெருநிலக் கரையில் இருக்கிறது மாந்தை. பாளி நூல்கள் மகாதித்த என்றும், தேவாரம் மாதோட்டம் என்றும் சொல்லும் பழந்துறைமுகம் அதுவே. திருக்கேதீச்சரம் அங்கேதான் இருக்கிறது. 1980 முதல் 1984 வரை ஜோன் காஸ்வெல் தலைமையில் அங்கு அகழ்வு நடந்தது. சீனப் பீங்கான் துண்டுகளும், மேற்காசியாவின் மெருகிட்ட மட்பாண்டத் துண்டுகளும் வெளிவந்தன. 1984 இல் போர் அகழ்வை நிறுத்தியது. அதன் முடிவுகள் நூலாக வெளிவர 2013 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

போர் முடிந்தபின் மீண்டும் நடந்த அகழ்வில் கிடைத்த தானியங்களையும் வாசனைப் பொருள்களையும் பற்றிய ஆய்வு 2018 இல் வெளியானது. கருகிய நெல்லோடு மிளகும் கராம்பும் அங்கே கிடைத்தன. கராம்பு அக்காலத்தில் இந்தோனேசியாவின் மலுக்குத் தீவுகளில் விளைந்தது. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அவ்வளவு தூரம் கடல் கடந்து வந்த ஒரு கராம்பு எம் மண்ணில் கிடந்திருக்கிறது.

அந்தக் கராம்பின் பெறுமதி அதன் விலையில் இல்லை. அது கிடந்த மண்ணடுக்கில் இருக்கிறது. எந்த அடுக்கில், எந்தப் பாத்திரத் துண்டின் பக்கத்தில் கிடந்தது என்பதைக் கொண்டே காலம் கணிக்கப்படுகிறது. புதையல் தேடி இரவில் மண்வெட்டியோடு போகிறவன் அந்த அடுக்கைக் கலக்கிவிடுகிறான். ஒரு பக்கத்தைக் கிழித்த புத்தகத்தை வேறு பிரதி பார்த்து நிரப்பலாம். கலங்கிய மண்ணடுக்குக்கு இன்னொரு பிரதி கிடையாது. அனுமதியின்றித் தோண்டக் கூடாது என்ற விதியின் காரணம் இதுதான்.

காவல் செய்யும் நிறுவனங்கள்

தொல்பொருளியல் திணைக்களம் தவிர வேறு நிறுவனங்களும் இப்பணியில் உள்ளன. 1877 இல் கொழும்பு நூதனசாலை திறக்கப்பட்டது. அரச ஆவணங்களைப் பேணும் சுவடிகள் திணைக்களம் 1973 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்குகிறது. பெருஞ்செலவான பாதுகாப்பு வேலைகளுக்காக 1980 இல் மத்திய கலாசார நிதியம் அமைந்தது. 1988 ஆம் ஆண்டின் 73 ஆம் இலக்கக் கலாசார ஆதனங்கள் சட்டம், பழம்பொருள்களை அனுமதிப்பத்திரமின்றி நாட்டைவிட்டுக் கொண்டுசெல்வதைத் தடுக்கிறது. பழைய நாணயத்தையோ கையெழுத்துச் சுவடியையோ வெளிநாட்டு வியாபாரிக்கு விற்றுவிடும் முன் இச்சட்டம் நினைவுக்கு வர வேண்டும். பள்ளிவாசல்களும் அவற்றின் சொத்துகளும் 1956 ஆம் ஆண்டின் 51 ஆம் இலக்க வக்பு சட்டத்தின் கீழ்ப் பதிவாகின்றன. அச்சட்டத்தின் கவனம் முதன்மையாக நிருவாகத்திலும் சொத்திலும் இருக்கிறது. பழைய மிஹ்ராபின் சுண்ணச் சாந்தைப் பற்றியதல்ல.

உலக அளவில் யுனெஸ்கோவின் 1972 ஆம் ஆண்டு உலக மரபுரிமைச் சாசனத்தில் இலங்கை 1980 இல் இணைந்தது. இன்று எம் நாட்டில் எட்டு உலக மரபுரிமைத் தலங்கள் உள்ளன. ஆறு கலாசாரத் தலங்கள், இரண்டு இயற்கைத் தலங்கள். அவற்றில் ஒன்றுகூட வடக்கு மாகாணத்திலோ கிழக்கு மாகாணத்திலோ இல்லை. பொம்மலாட்டம், தும்பறைப் பாய் போன்ற கலைகளையும் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. கையில் பிடிக்க முடியாத கலையும் மரபுரிமைதான் என்பதற்கு இது சான்று. எம் ஊர்ப் பெண்கள் பின்னும் பாயும், பாடும் தாலாட்டும், கப்பற்காரர் சொல்லும் காற்றின் பெயர்களும் அந்த வகையைச் சேர்ந்தவையே.

நிறுவனங்களைப் பற்றிப் பேசும்போது ஓர் அச்சத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். வடக்கிலும் கிழக்கிலும் தொல்பொருள் பலகை நடப்படும்போது, காணி போய்விடுமோ என்று பயப்படும் விவசாயிகள் இருக்கிறார்கள். 2020 ஜூனில் கிழக்கு மாகாணத் தொல்பொருள் மரபுரிமைக்காக நியமிக்கப்பட்ட ஜனாதிபதி செயலணியில் தொடக்கத்தில் ஒரு தமிழரோ முஸ்லிமோ இடம்பெறவில்லை. ஒரு நிலத்தின் வரலாற்றை எழுதும் மேசையில் அந்நிலத்து மக்கள் இல்லாவிட்டால் சட்டத்தின் மீது நம்பிக்கை வளராது. ஆனால் இதற்குத் தீர்வு சட்டத்தை விட்டு ஒதுங்கி நிற்பதல்ல. எம் பெண் பிள்ளைகள் தொல்பொருளியலும் வரலாறும் சுவடியியலும் படித்து, அந்த மேசையில் அமரும் தகுதியைப் பெறுவதுதான் தீர்வு. பல்கலைக்கழகத்தில் அப்பாடங்களுக்கு இடம் இருக்கிறது. எம் பக்கத்து மாணவிகள்தான் குறைவு.

கிதாபுக்கு என்ன சட்டம்?

இனி மாணவியின் கேள்விக்கு வருகிறேன். எம் வீடுகளில் இருக்கும் அரபுத்தமிழ்க் கிதாபுகள், அதாவது தமிழை அரபு எழுத்தில் எழுதிய நூல்கள், பெரும்பாலும் 19 ஆம் நூற்றாண்டையோ அதற்குப் பிந்திய காலத்தையோ சேர்ந்தவை. 1815 என்ற கோட்டுக்கு இந்தப் பக்கம் இருப்பவை. 1914 இல் இராமேசுவரக் கரைக்குக் கப்பல் விடுவதற்காக அமைந்த தலைமன்னார் இறங்குதுறையும் இந்தப் பக்கமே. வர்த்தமானி அறிவித்தல் இல்லாமல் இவை தாமாகச் சட்டத்தின் நிழலுக்குள் வருவதில்லை. யாரோ ஒருவர் எழுதிக் கேட்க வேண்டும்.

எம்மைப் பொறுத்தவரை இன்னொரு பெரிய இடைவெளியும் உண்டு. 1990 ஒக்டோபர் இறுதியில் வடமாகாணத்தின் முஸ்லிம்கள், ஏறத்தாழ 75,000 பேர், சில நாள்களுக்குள் வெளியேற்றப்பட்டார்கள். மன்னார்த் தீவிலிருந்து எம்மவர் பலர் படகுகளில் கற்பிட்டிக் கரைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். நான் புத்தளத்து முகாமில் வளர்ந்தவள். கையில் எடுத்து வந்தவை உடுப்பும் சில பாத்திரங்களும்தான் என்று உம்மா சொல்வார். உம்மம்மா மட்டும் ஒரு முனாஜாத்துக் கிதாபைச் சேலைத் தலைப்பில் சுற்றி எடுத்து வந்திருந்தார். காணி உறுதிகள், நிக்காஹ் பதிவுகள், பள்ளிவாசல் கணக்கேடுகள், கடிதக் கட்டுகள் என்று எத்தனையோ வீடுகளில் எத்தனையோ பெட்டிகள் விடுபட்டன. இருபது ஆண்டுகளுக்குப் பின் மக்கள் திரும்பி வந்தபோது பல இடங்களில் வீட்டின் அத்திவாரம்கூட இல்லை. ஒரு கட்டடம் தொலைந்தால் அதைச் சட்டம் கணக்கெடுக்கும். ஒரு சமூகத்தின் ஞாபகம் தொலைந்ததை எந்தத் திணைக்களத்தின் பட்டியலிலும் காண முடியாது.

இத்தகைய இழப்பு எமக்கு மட்டும் நேர்ந்ததல்ல. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. அப்போதும் நாட்டில் தொல்பொருள் சட்டம் இருந்தது. 2012 இல் மாலி நாட்டின் திம்புக்துவில் ஆயுதக் குழுவினர் பழைய சியாரங்களை இடித்தார்கள். அதற்காக ஒருவருக்குச் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் 2016 இல் ஒன்பது ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. அது பெரிய தீர்ப்பு. ஆனால் இடிந்தபின் வந்த தீர்ப்பு. அதே திம்புக்துவில் அரபு மொழிச் சுவடிகளைக் காப்பாற்றியவர்கள் நூலகர்களும் குடும்பத்தவர்களுமே. அவற்றை இரும்புப் பெட்டிகளில் அடைத்துக் கழுதை வண்டியிலும் படகிலும் ஏற்றித் தலைநகர் பமாக்கோவுக்குக் கடத்தினார்கள். சேலைத் தலைப்பில் கிதாபைச் சுற்றிய உம்மம்மாமாரும் அவர்களுடைய கூட்டத்தைச் சேர்ந்தவர்கள் என்பது என் எண்ணம்.

நாம் செய்யக்கூடியவை

சட்டம் ஒரு பொருளைக் காக்க வேண்டுமானால், அப்பொருள் இருப்பது முதலில் எழுத்தில் இருக்க வேண்டும். அந்த எழுத்து வேலைக்குப் பட்டமோ பதவியோ தேவையில்லை.

ஒவ்வொரு மாணவியும் தன் ஊரில் ஒன்றைத் தெரிவுசெய்யலாம்: ஒரு பழைய கிணறு, ஒரு மீசான் கல், ஒரு பெருக்கமரம், ஒரு பள்ளிவாசலின் பழைய தூண். அதைப் படம் பிடியுங்கள். நூல் பிடித்து அளந்து எழுதுங்கள். அது எந்தக் கிராம உத்தியோகத்தர் பிரிவில் இருக்கிறது, யாருடைய காணியில் இருக்கிறது என்று குறியுங்கள். ஊரில் மூத்தவர் ஒருவரிடம் அதைப் பற்றிக் கேட்டு, அவர் சொன்ன சொல்லிலேயே எழுதி, தேதியும் இடுங்கள். நாளை ஒரு பிரகடனம் கேட்டுத் தொல்பொருளியல் திணைக்களத்துக்கோ பிரதேச செயலகத்துக்கோ விண்ணப்பிக்கும்போது இந்தத் தாள்தான் ஆதாரம்.

வீட்டிலுள்ள பழைய கிதாபை வெயிலில் போடாதீர்கள். கிழிந்த தாளில் ஒட்டு நாடா ஒட்டாதீர்கள். அதன் பசை காலப்போக்கில் தாளை மஞ்சளாக்கி அரித்துவிடும். பிளாஸ்டிக் உறைக்குள் சூடாக்கி அடைக்கவும் வேண்டாம். பிறகு அதைப் பிரிக்க முடியாது. ஈரமில்லாத இடத்தில், சுத்தமான பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். தட்டையாக விரித்து, பகல் வெளிச்சத்தில், பக்கம் பக்கமாகத் தொலைபேசியால் படம் எடுங்கள். 2005 முதல் ஈழத்துத் தமிழ் ஆவணங்களை எண்ணிமப்படுத்தி வரும் ‘நூலகம்’ போன்ற அமைப்புகள் இத்தகைய பிரதிகளைப் பேணுகின்றன. கிதாபு உங்கள் வீட்டிலேயே இருக்கலாம். அதன் பிரதி பல இடங்களில் இருக்கட்டும்.

பழைய பள்ளிவாசலைப் புதுப்பிக்கும் பேச்சு எழும்போது, பழைய பகுதியை இடிக்குமுன் படமும் அளவும் எடுக்கும்படி உங்கள் வாப்பாவிடமும் மாமாவிடமும் சொல்லுங்கள். நிருவாக சபைக் கூட்டத்துக்கு நாம் போகாவிட்டாலும் எம் சொல் போகும். 1815 இற்கு முற்பட்ட பகுதி எனக் கருத இடமிருந்தால் திணைக்களத்துக்கு அறிவிக்காமல் கைவைக்கக் கூடாது என்பதையும் சொல்லுங்கள்.

இவ்வருடம் எம் கல்லூரி நூலகத்தில் ‘ஊர்ப் பதிவேடு’ என ஒரு தடித்த கொப்பி வைக்கப்படுகிறது. எருக்கலம்பிட்டி, தாராபுரம், தலைமன்னார், விடத்தல்தீவு என்று ஒவ்வொரு ஊருக்கும் அதில் பக்கங்கள் ஒதுக்கியிருக்கிறோம். இடைவேளையில் வந்து எழுதலாம். முதற்பக்கத்தில் உம்மம்மாவின் முனாஜாத்துக் கிதாபின் நீளம், அகலம், பக்க எண்ணிக்கை, அது பயணம் செய்த வழி ஆகியவற்றை எழுதிவிட்டேன். இரண்டாம் பக்கம் வெறுமையாக இருக்கிறது.